வெற்றியின் டோன்

கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தன் ரயிலேறி விம்கோ நகருக்கு வந்து, எங்கள் ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். முகம் வேண்டாமாம். முன்பக்கத்துக் குமிழ்கள் எந்தெந்த எண்ணில் நிற்கின்றன என்று எங்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டானாம். அப்படியே திருகி வைத்தும் அவன் வீட்டில் அந்தச் சத்தம் வரவில்லை. ஆகவே ரகசியம் பின்னால்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி வந்திருந்தான். பின்னால் தூசியும் பல்லி முட்டையும் இருந்தன. அதையும் விடாமல் எடுத்தான்.

அவ்வளவு நேரமும் நான் அந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், தோளில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டுதான் நின்றிருந்தேன். "சிஸ்டர், கொஞ்சம் நகருங்க, லைட் மறைக்குது" என்றான். நகர்ந்தேன்.

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. முன்பதிவில்லாத பெட்டியில் இடிபட்டு வந்த பிள்ளை. கோபம் வேறு ஆள்மேல். அந்த ஆளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் பேண்டின் பெயர் கழிமுகம். மூன்றே பேர். கிட்டார் வெற்றி, டிரம்ஸ் தவ்ஃபீக், அடிச்சத்தம் கொடுக்கும் பேஸ் நான், ஜெரினா. வாசிப்பது ப்ராக்ரெஸிவ் மெட்டல். தெரியாதவர்களுக்கு: தாளம் நாலு நாலாக ஒழுங்காகப் போகாமல் ஏழு, பதினொன்று என்று நொண்டிக்கொண்டே வேகமாக ஓடும், அதன்மேல் கிட்டார் இரும்பு இழைப்பதுபோல் உறுமும். எங்கள் பேண்டில் பாடவும் ஆளில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், திருவிழாவுக்குக் கூப்பிட மாட்டார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். என் அம்மா சாபிரா ஒருமுறை எங்கள் பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டு, "வெளியில கேக்குறது பத்தாதுன்னு வூட்டுக்குள்ள வேற லாரி வுடணுமாடி?" என்றாள். அம்மா சொன்னது பெரிய தப்பில்லை.

ஆனால் கிட்டார் வாசிப்பவர்கள் என்று ஒரு தனி ஜாதி இருக்கிறது. அவர்களுக்குப் பாட்டு இரண்டாம்பட்சம். டோன்தான் முக்கியம். டோன் என்றால் கிட்டாரின் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆல்பத்திலிருந்து 'சுடுநீர்' என்ற பாட்டு இணையத்தில் ஏறியதும் அந்த ஜாதி முழுவதும் வெற்றியின் டோனுக்கு அடிமையாகிவிட்டது. இவ்வளவு கனமான சத்தம் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது? அடியில் நெஞ்சை இடிக்கிறது, ஆனால் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கிறதே, எப்படி? பிரேசிலில் ஒருத்தன் இதற்காக அரை மணி நேர வீடியோ போட்டான். போலந்தில் ஒருத்தன் அவனை மறுத்து ஒரு மணி நேரம் பேசினான்.

அவர்கள் கண்டுபிடித்த காரணங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். கிட்டார் மரம் காரணம் என்றான் ஒருத்தன். எண்ணூர் உப்புக்காற்று கம்பியில் படிந்து ஒரு தனிக் கார்ப்பைக் கொடுக்கிறது என்றான் இன்னொருத்தன். அதை நம்பி எவனோ புதுக் கம்பிகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துருப்பிடிக்கவிட்டு, படத்தையும் போட்டான். எங்கள் பக்கத்து லோ வோல்டேஜால் ஆம்ப்ளிஃபயர் மூச்சுத் திணறி அப்படிப் பாடுகிறது என்பது மூன்றாவது கட்சி. அந்தக் கட்சிக்கு ஆள்பலம் அதிகம்.

ஒருத்தன்கூட, ஒரே ஒருத்தன்கூட, பேஸ் என்று சொல்லவில்லை.

நடந்தது இதுதான். விம்கோ நகரில் ஒரு டிங்கர் கடைக்கு மேல்மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதுதான் நாங்கள் பிராக்டிஸ் செய்யும் அறை. மணலிப் பக்கக் காற்று வீசினால் கெமிக்கல் நாற்றத்துக்கு ஜன்னலை மூடிக்கொண்டு வேகவேண்டும். ஆரம்பத்தில் வெற்றியின் எட்டுக்கம்பி கிட்டார் சேற்றில் எருமை புரண்டது போலிருந்தது. அவனும் கெயினை ஏற்றிக்கொண்டே போவான். கெயின் என்பது உறுமலைக் கூட்டுகிற குமிழ். ஏற்ற ஏற்றச் சேறு கூடியதே தவிர கனம் வரவில்லை. நான்தான் சொன்னேன்: "கெயின பாதியா கொற. அடிச்சத்தத்த மொத்தமா வெட்டு. அடி என்னுது."

"கெயின கொறச்சா அது மெட்டலா?" என்று குதித்தான்.

அவன் தூக்கிப்போட்ட பழைய டிஸ்டார்ஷன் பெடல், அதாவது சத்தத்தை உறுமவைக்கும் காலடிப் பெட்டி, ஒன்று மூலையில் கிடந்தது. அதை என் பேஸில் மாட்டினேன். விரலால் மீட்டுவதை விட்டு, அவனைப்போலவே பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையைப் பிடித்தேன். அவன் வாசிக்கும் அதே வரியை, ஒரு ஸ்தாயி கீழே, அவன் கையோடு கையாக வாசித்தேன். முதல் தட்டிலேயே கூரை அதிர்ந்து, கீழேயிருந்த டிங்கர் கடைக்காரர் ஓடிவந்து, "இன்னாபா, எதுனா இடிஞ்சிச்சா?" என்று கேட்டார். வெற்றி கண்ணில் தண்ணீர். உண்மையாகவே தண்ணீர். "ஜெரி, நீ இல்லாங்காட்டி என் கிட்டாரு வெறும் கொசு" என்றான். தவ்ஃபீக்தான் சாட்சி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு சத்தமும் இம்மி பிசகாமல் ஒரே நொடியில் விழுந்தால் காது அதை ஒரே வாத்தியம் என்று எடுத்துக்கொள்ளும். மேலே கேட்கும் கீறல் கிட்டாருடையது என்பதால், அடியில் இருக்கும் மொத்த எடையையும் கிட்டார் கணக்கிலேயே சேர்த்துவிடும். கொஞ்சம் பிசகினால் போதும், பேஸ் தனியாகத் தெரிந்துவிடும். அப்போது எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். டோன் போய்விடும்.

பிசகாமல் வாசிப்பது என்றால் தாளம் எண்ணும் மெட்ரோனோமின் கிளிக்குக்குப் பிசகாமல் வாசிப்பதல்ல. வெற்றியின் வலது கை ஏழில் ஐந்தாவது தட்டில் எப்போதும் முந்தும். சின்ன அவசரம். அவனுக்கே தெரியாது. நான் சரியாக வாசித்தால் அங்கே உடையும். ஆகவே நானும் முந்தவேண்டும், அவன் முந்துகிற அளவுக்கே. ராயபுரத்தில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் எனக்கு வேலை. போகவர பஸ்ஸில் அவன் கிட்டாரை மட்டும் காதில் மாட்டிக்கொண்டு தொடையில் தட்டித் தட்டி அவன் தப்பைப் பாடம் செய்தேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போயிருக்கிறாள். எவ்வளவு நன்றாக வாசிக்கிறேனோ அவ்வளவுக்கு நான் காணாமல் போவேன். அதுதான் என் வேலை என்று தெரிந்தே, சந்தோஷமாகச் செய்தேன். அவனுக்குத் தெரியும் அல்லவா, அது போதும் என்று நினைத்தேன்.

பிறகு பேட்டிகள் வந்தன. "உங்க டோனோட ரகசியம் என்ன?" என்பார்கள். வெற்றி வலது கையைத் தூக்கிக் காட்டுவான். நெட்டுக்குப்பத்தில் சின்ன வயதில் அப்பாவோடு வலை இழுத்த கை என்பான். அந்தக் கை வலை இழுத்து நான் பார்த்ததில்லை. அவன் அப்பாவும் பார்த்ததில்லை. முதல் பேட்டியில் விளையாட்டுக்குச் சொன்னான். பத்தாவது பேட்டியில் நம்பியே சொன்னான்.

பெங்களூரிலிருந்து ஒரு பெடல் கம்பெனி வந்தது. வெற்றியின் டோனை அப்படியே ஒரு பெட்டிக்குள் அடைத்து விற்கப்போகிறார்களாம். பெட்டிக்குப் பெயர் 'வெற்றி 19'. பத்தொன்பது எங்கள் திருவொற்றியூரின் பின்கோடு. மேலே அவன் கையெழுத்து, ஒரு கட்டுமரப் படம். நுங்கம்பாக்கத்தில் ஏசி ஹாலில் வெளியீட்டு விழா. ஊர் ஊராகக் கிட்டார்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

விழாவுக்கு முன்பு ஒரு சாயங்காலம் வெற்றி என் ஆபீஸ் வாசலில் பைக்கோடு நின்றான். திருவொற்றியூர் கடலோரம், கல் கொட்டி வைத்திருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனான். ஏதோ வேண்டும் என்றால்தான் அவன் டீ வாங்கித் தருவான். வாங்கித் தந்தான்.

"ஜெரி, ஒரு ஹெல்ப்பு."

"இன்னா?"

"கம்பெனிக்காரன் பேஜார் பண்றான். தனியா கிட்டாரு ட்ராக்கு அனுப்பிச்சேன். அத்த கேட்டுட்டு, ஆல்பத்துல கீற மாதிரி இல்லியே, இன்னாவோ கொறையுதேன்றான்."

"இன்னா கொறையுதாம்?"

"தெர்லயாம்."

"உனுக்கும் தெர்லியா?"

கடலைப் பார்த்தான். "நீ சொம்மா அடியில ஒரு பேஸு வாசிச்சு குடு. விழாவுல நான் வாசிக்கசொல்லோ லேப்டாப்புல டிரம்ஸோட சேத்து வுட்டுடலாம். எவனுக்கும் தெரியாது."

"எவனுக்கும் தெரியாதுன்னா எதுக்குடா வெக்கிற?"

"ஒரு சப்போர்ட்டுக்கு."

எனக்கு உள்ளே எரிந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன். "வாசிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மேடையில மைக்க புடிச்சு, இந்த டோன்ல பாதி ஜெரினாவோட பேஸுன்னு சொல்லு. பொட்டி மேல என் பேரு வோணாம். வாயால சொன்னா போதும்."

சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை கேட்கக்கூடாததைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது. "கிட்டாரு பொட்டி விக்கசொல்லோ, பாதி பேஸுன்னு சொன்னா எவன் வாங்குவான்? அப்ப பேஸும் வாங்கணுமா, அத்த வாசிக்க ஒரு ஆளும் வாங்கணுமான்னு கேக்க மாட்டான்?"

"ஆமா. வாங்கணும்."

"வெளயாடாத ஜெரி."

"டேய், நீ இன்னா சொன்னே அன்னிக்கு? கொசு. ஞாபகம் கீதா?"

"இன்னா கொசு?"

அவன் முகத்தையே பார்த்தேன். மழுப்புகிறானா என்று தேடினேன். மழுப்பவில்லை. அவனுக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. அந்த அறை, டிங்கர் கடைக்காரர் ஓடிவந்தது, அவன் கண்ணில் தண்ணீர், எல்லாம் எனக்கு மட்டும் நடந்திருக்கிறது.

"வாசிக்க மாட்டேன். போ" என்றேன். டீயைக் கல்லில் ஊற்றிவிட்டு எழுந்து வந்தேன்.

தவ்ஃபீக்கிடம் சொன்னேன். வண்ணாரப்பேட்டையில் அவன் மாமா துணிக்கடை வைத்திருக்கிறார். கல்லாவில் இவன்தான் உட்காருவான். துணி மடித்துக்கொண்டே கேட்டான். "வுடு ஜெரி. நமக்கு இன்னா, வாசிக்க ஒரு எடம் கீது. இதுவும் போச்சின்னா நான் இங்கியே லுங்கி மடிச்சிகினு கெடக்கணும்" என்றான். அவனிடம் அதற்குமேல் கறக்க முடியாது.

ஆனால் நான் விடுவதாக இல்லை. என் கணக்கு எளிமையானது. ஹால் நிறைய கிட்டார்காரர்கள். ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் பார்க்க ரயிலேறி வருகிறவர்கள், கம்பியை உப்பில் ஊறவைக்கிறவர்கள். இவர்களைவிடக் கூரான காது எங்கே இருக்கிறது? நான் இல்லாமல் வெற்றி முதல் தட்டைத் தட்டியதுமே அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கே போச்சு என்று கேட்பார்கள். அப்போது அவன் என் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். எந்த மேடையில் சொல்லமாட்டேன் என்றானோ அந்த மேடையிலேயே. இப்படி நினைத்து நினைத்து நான் நன்றாகத் தூங்கினேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விழாவன்று கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் உட்கார்ந்தேன். தவ்ஃபீக் கடையைச் சாக்கு சொல்லி வரவில்லை. முன்னால் முழுக்கக் கறுப்புச் சட்டைகள். மேடையில் வெள்ளை விளக்கில் அந்தப் பெட்டி, நகைக்கடை மோதிரம் போல் ஒரு மெத்தையில் வைத்திருந்தார்கள். வெற்றி வந்து பெட்டியில் கிட்டாரைச் செருகினான். லேப்டாப்பில் டிரம்ஸை மட்டும் ஓடவிட்டான். 'சுடுநீர்' ஆரம்பித்தது.

கொசு.

சத்தியமாகக் கொசு. கம்பெனிக்காரன் சும்மா இருக்கவில்லை. அடிச்சத்தத்தைப் பெட்டிக்குள் எப்படியோ ஏற்றப் பார்த்திருக்கிறான். கொசுவுக்குத் தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான். கீறல் இருந்தது. எடை இல்லை. ஏழில் ஐந்தாவது தட்டு வந்தபோது அவன் முந்தினான். என் வலது கை தானாகவே மடியில் முந்தியது. அந்தத் தட்டுக்குக் கீழே தரையே இல்லை. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. அவ்வளவு உறுதியாக இருந்தேன் நான்.

தலைகள் திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. தலைகள் ஆடின. என் பக்கத்தில் ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். முன் வரிசையில் ஒருத்தன் சட்டைக் கையைச் சுருட்டி, புல்லரித்த முடியை நண்பனுக்குக் காட்டினான். சரி, மரியாதைக்கு ஆடுகிறார்கள் என்று நினைத்தேன். பாட்டு முடியட்டும், பேசும்போது உண்மை வரும்.

பாட்டு முடிந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் முதல் மைக்கை வாங்கியவன் தாடி வைத்த ஒருத்தன். கிட்டார் பெட்டிகளைப் பற்றி வீடியோ போடுகிறவனாம், எல்லோருக்கும் தெரிந்தவனாம். அவன் உருகினான். "ப்ரோ, அந்த லோ எண்ட், அந்த அடிச்சத்தம் இருக்கே, வந்து நெஞ்சுல இடிக்குது. ஆல்பத்துல கேட்ட அதே டோன். அச்சு அசல் அதே."

எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "எந்த லோ எண்ட்?" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் ஆசைப்பட்ட மாதிரியே திரும்பினார்கள். மைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"ஆல்பத்துல நெஞ்சுல இடிக்கிறது கிட்டார் இல்ல. அது பேஸ். இப்ப இங்க பேஸே இல்ல. அப்ப உங்க நெஞ்சுல இன்னா இடிச்சிச்சு?"

கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த ஒரு வினாடியில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு தாடிக்காரன், "நீங்க பேஸ் வாசிப்பீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஹாலே சிரித்தது. கிட்டார்காரர்களுக்குள் பேஸ் வாசிப்பவர்களை வைத்து ஒரு கேலி உண்டு. கிட்டார் வராதவர்கள்தான் பேஸ் எடுப்பார்களாம், அவர்கள் வாசிப்பது அவர்களுக்கு மட்டும்தான் கேட்குமாம். அதை நினைத்துச் சிரித்தார்கள். அவ்வளவு மோசமான சிரிப்பும் இல்லை. என்னையும் சேர்ந்து சிரிக்கக் கூப்பிடுகிற சிரிப்பு.

மேடையிலிருந்து வெற்றி மைக்கை எடுத்தான். நெட்டுக்குப்பத்துப் பேச்சு ஒரு சொல் இல்லாமல், டிவிக்காரன் மாதிரி பேசினான். "இவங்கதான் எங்க பேஸிஸ்ட் ஜெரினா. என்னோட உயிர்த் தோழி. எங்க பேண்டோட முதுகெலும்பு. இவங்களுக்கு ஒரு பெரிய கைதட்டல் கொடுங்க."

கொடுத்தார்கள். வஞ்சனையில்லாமல் தட்டினார்கள். மேடையில் மைக்கில் என் பெயர் சொல்லப்பட்டு நான் வாங்கிய முதல் கைதட்டல் அது. உட்காரு என்பதற்கான கைதட்டல். உட்கார்ந்தேன். அவமானத்தில் காது சுட்டது. மைக்கை வாங்கிக்கொண்டு போன பெண் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வெளியே வந்தபோது பெட்டி வாங்க வரிசை நின்றது. வெற்றியோடு போட்டோ எடுத்துக்கொள்ள இன்னொரு வரிசை. ஒருத்தன் தன் போனை என்னிடம் நீட்டி, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்றான். எடுத்துக் கொடுத்தேன். முதல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுக்கச் சொன்னான்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் வெற்றி என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். முகம் பூரித்துப்போயிருந்தது.

"கேட்டியா ஜெரி? வந்துச்சுல்ல?"

"இன்னா வந்துச்சு?"

"டோனு! நீ இல்லாங்காட்டி வராதுன்னு சொன்னியே. பாத்தியா? அதே டோனு. அந்தத் தாடி சொன்னான் பாரு, அச்சு அசல்னு."

பொய் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். திருடன் என்று திட்டிவிட்டு வந்திருப்பேன். அவன் பொய் சொல்லவில்லை. அவன் காதிலும் அது கேட்டிருக்கிறது. நான் எங்கேயும் வாசிக்காமலே அவர்கள் எல்லோருக்கும் நான் கேட்டிருக்கிறேன், அதுவும் வெற்றியாக.

பஸ்ஸில் வரும்போது ராயபுரம் பாலம்வரை அழுதேன். வீட்டில் அம்மா கேட்டதற்குத் தூசி என்றேன். அம்மா நம்பவில்லை, ஆனால் எங்கள் தெருவில் தூசிக்குப் பஞ்சமில்லை என்பதால் விட்டுவிட்டாள்.

பெட்டி நன்றாக விற்றது. வாங்கியவர்கள் எல்லோரும் வீடியோ போட்டார்கள். எல்லாம் கொசு. கீழே எல்லோரும் எழுதினார்கள்: அதே டோன், அச்சு அசல் அதே டோன். கோயம்புத்தூர்ப் பிள்ளையும் ஒன்று போட்டிருந்தான். கடைசியில் கிடைத்துவிட்டது என்று கண்கலங்கியிருந்தான்.

அப்புறம் ஒருநாள் வெற்றியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ஜெரி, ஞாயித்துக்கெழம பிராக்டிஸு. அப்பால இன்னொரு மேட்டரு. பேஸ கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம். புதுப் பொட்டியில அடிச்சத்தம் சோக்கா வருது. நீ மேல ஏறி வாசிச்சா கலீஜாவுது."

போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அதை இரண்டு முறை கேட்டேன். பிறகு போனேன். ஏன் போனாய் என்று கேட்பவர்கள், திருவொற்றியூரில் மெட்டல் வாசிக்கும் இன்னொரு பேண்டின் விலாசம் இருந்தால் கொடுங்கள். ஆபீசில் நாள் முழுக்க பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்க்கிறேன். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் என் கையில் ஏதோ இருக்கிறது. அதை விட்டுவிட எனக்குத் தைரியமில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மணலிக் காற்று, ஜன்னலை மூடியிருந்தார்கள். வெற்றி புதுப் பெட்டியைக் காலடியில் வைத்து, காதுக்குள் மாட்டும் மானிட்டரை மாட்டிக்கொண்டான். அதுவும் கம்பெனி கொடுத்ததுதான். அதில் அவனுடைய கிட்டாரும் கிளிக்கும் மட்டும் வரும்.

நான் வழக்கம்போல் என் பழைய பெடலைச் செருகினேன். என் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு பேஸிலிருக்கும் வால்யூம் குமிழை மெதுவாக, கடைசிவரை, பூஜ்ஜியத்துக்குத் திருகினேன்.

தவ்ஃபீக் குச்சியைத் தட்டி எண்ணினான். 'சுடுநீர்' தொடங்கியது. நான் ஒரு தட்டு விடாமல் வாசித்தேன். கம்பிகள் என் விரலுக்குக் கீழே அதிர்ந்தன. பிக் உரசும் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அறையில் டிரம்ஸும் கொசுவும் மட்டும்.

தவ்ஃபீக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் கண் முதலில் என் ஆம்ப்ளிஃபயருக்குப் போனது. விளக்கு எரிவதைப் பார்த்தது. பிறகு என் குமிழுக்கு வந்தது. பிறகு என் முகத்துக்கு. ஒரு வார்த்தை சொல்வான், குச்சியையாவது நிறுத்துவான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்து தன் டிரம்ஸைப் பார்த்தபடி முடிவுவரை அடித்தான்.

பாட்டு முடிந்ததும் வெற்றி காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தான். வியர்த்து, சிரித்து, அந்தப் பழைய நாளில் கண்ணில் தண்ணீரோடு நின்றானே, அதே முகம்.

"இதாண்டி! இத்தினி நாளா இத்தத்தான் சொல்லிகினு கீறேன். இப்பதான் பேஸு கரெக்டா உக்காந்துச்சு. இன்னாடா தவ்ஃபீக்கு?"

தவ்ஃபீக் துண்டால் முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். "ஆமா மாமு" என்றான்.

"இன்னொரு வாட்டி. அப்படியே. எதையும் மாத்தாத ஜெரி."

எதையும் மாற்றவில்லை. தவ்ஃபீக் என்னைப் பார்க்காமல் எண்ணினான். ஏழில் ஐந்தாவது தட்டில் வெற்றி வழக்கம்போல் முந்தினான். நானும் கூடவே முந்தினேன்.